உரையாடலுக்கு மட்டும் ஒரு திருத்தச் சேவை

கைப்பிரதியில் உரையாடல் காட்சிகளை மட்டும் பார்த்துத் தரும் ஓர் இணையச் சேவைக்கு என் நாவலின் ஓர் அத்தியாயத்தை அனுப்பினேன். எழுத்துப் பிழை, சந்திப் பிழை எதையும் அவர்கள் தொடுவதில்லை. பாத்திரங்கள் பேசுவதை மட்டும்தான் பார்க்கிறார்கள், அதை அபாரமாகப் பார்க்கிறார்கள்.

அக்காவும் தம்பியும் பேசும் காட்சி அது. “கடனை எப்போது திருப்பித் தருவாய்?” என்கிறாள் அவள். “அடுத்த மாதம் கட்டாயம் தருகிறேன் அக்கா” என்கிறான் அவன். ஓரத்தில் திருத்துநர் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: “தம்பி ஏன் பதில் சொல்கிறான்?”

கையில் பணமில்லாதவன் பேச்சை மாற்றத்தானே பார்ப்பான்! காட்சி இப்படி ஆயிற்று:

“பணம் என்ன ஆயிற்று?”

“மாமா எப்போது வருவார்?”

“உன்னைத்தான் கேட்கிறேன்.”

“அவர் வருவதற்குள் கிளம்பிவிடுகிறேன் அக்கா.”

கணவருக்குத் தெரியாமல் அவள் கொடுத்த பணம் என்பது யாரும் விளக்காமலே புரிந்துவிடுகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ 1927-இல் வெளிவந்த கதை. ரயிலுக்குக் காத்திருக்கும் இருவர் கருக்கலைப்பைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அந்தச் சொல் மட்டும் கதையில் எங்கும் வராது. திருத்துநர் அதைப் படிக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

‘ஆத்திரத்துடன் கத்தினான்’, ‘வேதனையுடன் முணுமுணுத்தாள்’ எல்லாம் போய் வெறும் ‘என்றான்’, ‘என்றாள்’ நின்றது. ஆத்திரம் பேச்சிலேயே இருந்தால் வெளியே எதற்கு? காட்சியை இருவர் வாசித்த ஒலிப்பதிவும் அனுப்புகிறார்கள். மூச்சு முட்டும் வாக்கியம் எது என்று காதே சொல்லிவிடும். இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் மூன்று பேர் பேசும் காட்சியில் ‘என்றாள்’களையும் சேர்த்து நீக்கிவிட்டார்கள். எது யார் பேச்சு என்று விரல் வைத்து எண்ண வேண்டியிருந்தது. பாட்டியின் வட்டார வழக்கைப் பொதுப் பேச்சாக மாற்றியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அவள் யார் என்பதே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. கேட்டதும் மறுப்பில்லாமல் பழையபடி மாற்றித் தந்தார்கள், அது நல்ல விஷயம்.

இருவர் மோதும் காட்சி கையில் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். வட்டார வழக்கைத் தொட வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.