எலும்புப் பிடிக்கு நிறம்: தேயிலையா, தோல் சாயமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளில் தாத்தா காலத்து மடக்குக் கத்தி இன்னும் கிடக்கும். கத்தியில் குறையிருக்காது; எலும்புப் பிடிதான் வெளுத்து, மஞ்சளாகியிருக்கும். முதலில் அது எலும்புதானா என்று பாருங்கள். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரிந்தால் எலும்பு. ஊசியைச் சுடவைத்துக் குத்திப் பார்க்காதீர்கள். செல்லுலாய்டாக (பழையகாலப் பிளாஸ்டிக்) இருந்தால் தீப்பிடிக்கும்.

எதைப் பூசினாலும், முதல் வேலை எண்ணெய்ப்பிசுக்கு எடுப்பது. பஞ்சில் அசிட்டோன் நனைத்துத் துடையுங்கள். கைபட்ட இடத்தில் பிசுக்கு நின்றால் நிறம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும்.

தேயிலை மலிவு, நிறமும் இயல்பான தேன்பழுப்பு. 250 மில்லி தண்ணீரில் 4 மேசைக்கரண்டி தூள் கொதிக்கவிட்டு வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறியபின் கழற்றிய பிடியை ஊறவையுங்கள். கொதிநீரில் போட்டால் எலும்பு வளையும், வெடிக்கும். கழற்றாத கத்தியை முக்கவே கூடாது: தேயிலையின் டானின் (துவர்ப்புச் சத்து) இரும்போடு சேர்ந்தால் கருமை படியும், ஆணியைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழும். அது எலும்புக்குள் இறங்கிவிட்டால் எடுப்பது கடினம்.

செருப்பு, பை போன்ற தோல் பொருளுக்குப் பூசும், ஸ்பிரிட் கலந்த தோல் சாயத்தைப் பிடியைக் கழற்றாமலே காட்டன் பட்ஸால் தொட்டு வைக்கலாம். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. மழைக்காலத்தில் ஒருநாள் முழுக்க மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வெயிலில் வைத்தால் விரிசல் வரும். மிச்சச் சாயத்தைத் துடைக்காவிட்டால் கையில் ஒட்டும்.

ஆணி அடித்த பழைய கத்திக்குத் தோல் சாயமே சரி. கடைசியில் மினரல் ஆயில் இரண்டு துளி. சமையல் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும்.