ஏரிக்கரை மனை வாங்கும் முன் கலங்கலைப் போய்ப் பாருங்கள்

ஏரியை ஒட்டிய மனைகளைக் காட்ட விற்பனையாளர்கள் ஆட்களைக் கூட்டிப்போவது பெரும்பாலும் பிப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில்தான். அப்போது ஏரி பாதி வற்றியிருக்கும். தண்ணீருக்கும் மனைக்கும் நடுவில் அகலமான புல்தரை, அதில் நாலு கொக்கு, ஓரத்தில் பனைமரம். "இயற்கையோடு இணைந்த வாழ்வு" என்று ப்ரோஷரில் போட்டிருப்பது கண்ணெதிரே தெரியும். அந்தப் புல்தரையும் ஏரிதான். டிசம்பரில் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் சரிவுப் பக்கம், போடப்பட்ட மனைப்பிரிவில் வாங்கியவர்கள் ஏமாந்த விதத்தை வைத்தே இதை எழுதுகிறோம். விற்றவர்களின் பெயர் வேண்டாம். இதே வித்தையை வேறு பெயர்களில் வேறு ஏரிகளிலும் செய்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, யாரும் போலிப் பத்திரம் காட்டவில்லை. பட்டா அசல், முப்பது வருட வில்லங்கச் சான்று அசல், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி அசல், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் அசல். வங்கியும் கடன் கொடுத்தது. ஏரியைப் பார்த்த மனை என்று சதுர அடிக்குக் கூடுதல் விலை வேறு. ஏரி முழுசாக நிரம்பிய முதல் மழையில் உள்சாலையில் முழங்கால் அளவு தண்ணீர். காலி சம்ப் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) ஒன்று தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்துவிட்டது. கழிவறைகள் எதிர்த்துப் பொங்கின. "30 அடி சாலை" என்று வரைபடத்தில் இருந்த இடத்தில் வாய்க்கால் ஓடியது. அது என்றைக்கும் வாய்க்கால்தான்.

காகிதம் எல்லாம் சரியாக இருந்தும் இது எப்படி நடந்தது என்றால், அந்தக் காகிதங்களில் எதுவும் மட்டத்தை, அதாவது நிலம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை, சொல்வதில்லை. வில்லங்கச் சான்று அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களைச் சொல்லும். பட்டா யார் பெயரில் என்று சொல்லும். ரெரா எண் திட்டம் பதிவாகியிருக்கிறது என்று சொல்லும். தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைச் சொல்வது ஒன்றே ஒன்று: அந்த ஏரியின் கலங்கல்.

கலங்கல் என்பது ஏரி நிரம்பினால் உபரிநீர் வழியும் கற்கட்டு அல்லது காங்கிரீட் தடுப்பு. அதன் உச்சிதான் முழு நீர்மட்டம். பெருமழையில் தண்ணீர் கலங்கலுக்கு மேலேயும் ஓர் உயரத்துக்கு எழும்பித்தான் வழியும். அதுவே உச்ச வெள்ள மட்டம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பல ஏரிகளில் ஒன்றிரண்டு அடி இருக்கும். கலங்கலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டாலோ, மீன் குத்தகைக்காரரோ விவசாயியோ தண்ணீரைப் பிடித்துவைக்க மணல் மூட்டை அடுக்கியிருந்தாலோ அதற்கும் மேலே போகும்.

ஓர் உதாரணக் கணக்கு. கலங்கல் உச்சியை 100.00 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியும் உயரம் 0.60. உச்ச வெள்ள மட்டம் 100.60. மனைப்பிரிவின் சாலை 100.25 என்றால், வெள்ளத்தின்போது சாலையில் 35 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும். சாலையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டிய வீட்டின் தளம் ஏறத்தாழ 100.85, வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஆனால் வெறும் 25 சென்டிமீட்டர்தான் மிச்சம். கார், மோட்டார், சம்ப், செப்டிக் டேங்க், லிஃப்ட் குழி எல்லாம் தண்ணீருக்குள். "எங்க வீட்டுக்குள்ள தண்ணியே வரல சார்" என்று மாதிரி வீட்டைக் காட்டிச் சொல்வது இந்த 25 சென்டிமீட்டரை நம்பித்தான்.

இதை அளக்கப் பெரிய செலவில்லை. ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவி வைத்திருக்கும் தனியார் சர்வேயர் ஒருவர் கலங்கல் உச்சியில் ஸ்டாஃப் என்ற அளவுகோலை வைத்து, அங்கிருந்து மட்டத்தைக் கடத்திக்கொண்டு வந்து உங்கள் மனையின் நான்கு மூலையிலும் சாலையிலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். தூரம் அதிகமில்லை என்றால் அரை நாள் வேலை. திரும்பவும் கலங்கல் வரை அளந்து முடிக்கச் சொல்லுங்கள். தொடங்கிய எண்ணும் முடிந்த எண்ணும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் ஒத்துவராவிட்டால் அந்த அளவையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அடுத்ததாக, நீர்வளத் துறையின் கோட்டச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். அந்த ஏரியின் முழு நீர்மட்டம், உச்ச வெள்ள மட்டம், கரை உச்சி மட்டம், கலங்கலின் நீளம் ஆகிய நான்கையும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. "ஆஃபர் ஞாயிற்றுக்கிழமையோட முடியுது" என்று அவசரப்படுத்தினால் அந்த ஆஃபர் முடியட்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் வயல்) உள்ள சின்ன ஏரி என்றால் அது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். மனுவை அங்கே போட வேண்டும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் கூகுள் எர்த்தில் பழைய படங்களைத் திறந்து, 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் மழைகளை ஒட்டிக் கிடைக்கும் படங்களில் உங்கள் மனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேகம் மறைத்திருந்தால் சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் திறந்த நீர்ப்பரப்பு கறுப்பாகத் தெரியும். மனை கறுப்புக்குள் இருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

இன்னொரு குழப்பம். ஏரிக்கு இரண்டு பக்கம் உண்டு. கரைக்குப் பின்னால் இருப்பது ஆயக்கட்டு, பழைய வயல். அங்கே மனை போட்டால் மதகுக் கால்வாயும் கரைக்கசிவும் பிரச்சினை, கரை உடைந்தால் முதலில் அடிபடுவதும் அந்தப் பக்கம்தான். எதிர்ப்பக்கம், தண்ணீர் ஏறி இறங்கும் சரிவுதான் உள்வாய். "லேக் வியூ" விற்பனை பெரும்பாலும் உள்வாயில்தான் நடக்கிறது, ஏனென்றால் அங்கே கரை மறைக்காது. உள்வாயில் பட்டா நிலங்கள் உண்டு. தண்ணீர் வடிந்தபின் பயிர் வைத்த நிலங்கள் அவை. பட்டா உண்மையானது, அதில் தண்ணீர் நிற்பதும் உண்மையானது. பட்டாவைக் காட்டி ஏரியை நிரம்பாதே என்று சொல்ல முடியாது.

வாய்க்கால் சாலையான கதைக்கு வருவோம். ஏரிக்கு வரத்துக் கால்வாயும் உண்டு, உபரிநீர்ப் போக்குக் கால்வாயும் உண்டு. இவை புலப்படத்தில் (சர்வே எண்வாரியான நில அளவை வரைபடம்) இணைகோடுகளாக, பெரும்பாலும் தனி சர்வே எண்ணோ உட்பிரிவோ கொடுத்துக் காட்டப்பட்டிருக்கும். நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் 'அ' பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேராக அரசு புறம்போக்கு, வாய்க்கால் அல்லது ஓடை என்று இருக்கும். புலப்படம், 'அ' பதிவேடு இரண்டையும் அரசின் இ-சேவை இணையதளத்தில் பார்க்கலாம். மனைப்பிரிவு வரைபடத்தை அதே அளவுக்கு மாற்றி, டிரேசிங் தாளில் புலப்படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நாம் சொல்லும் மனைப்பிரிவில் அந்த இணைகோடுகளின் மேல் சரியாகச் சாலை உட்கார்ந்திருந்தது. சாலைக்கு அடியில் ஓரடி விட்டமுள்ள குழாய் ஒன்றைப் போட்டு, "கல்வெர்ட் இருக்கு" என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். பத்தடி அகல வாய்க்காலில் ஓடும் வெள்ளம் ஓரடிக் குழாயில் போகாது. அது மேலே ஏறி, மனைகளின் வழியாகத்தான் போகும். பழைய புலப்படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கலாம். 100 லிங்க்ஸ் என்பது 66 அடி. 1980களில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டப் பதிவில் சில இடங்களில் வகைப்பாடு மாறியிருப்பதால், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். நீர்நிலைப் புறம்போக்கில் கட்டியது எத்தனை பத்திரம் கைமாறி வந்திருந்தாலும் ஆக்கிரமிப்புதான். நீர்வளத் துறையின் ஏரிகளில் அளந்து எல்லை குறித்து அகற்றுவதற்கென்றே 2007ஆம் வருடச் சட்டம் இருக்கிறது.

"50 மீட்டர் விட்டுத்தான் போட்டிருக்கோம், சட்டப்படி கரெக்ட்" என்பார்கள். 2017 ஈரநில விதிகளில் 50 மீட்டர் என்று ஒன்று இருப்பது உண்மை. விதிகள் வந்த நாளுக்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் கூடாது என்கிறது. ஆனால் பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய ஏரிகளை அதே விதிகள் ஈரநில வரையறையிலிருந்து விலக்கிவிடுகின்றன. தவிர, இவர்கள் 50 மீட்டரை அளப்பது மே மாதத் தண்ணீர் விளிம்பிலிருந்து. பெங்களூரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இல் ஏரிகளுக்கு 75 மீட்டர் இடைவெளி விதித்தது, 2019இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மீட்டர் கணக்கை நம்பி மனை வாங்கினால் அது எந்த வருடம் மாறும் என்று சொல்ல முடியாது. மட்டம் மாறாது.

கட்டாயம் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. நீர்நிலையை ஒட்டிய மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறை கொடுக்கும் தடையின்மைச் சான்று. முதல் பக்கத்தை மட்டும் காட்டுவார்கள். நிபந்தனைகள் பின்பக்கங்களில்தான் இருக்கும்: மனையை இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும், வாய்க்காலை இந்த அகலத்துக்கு விட வேண்டும், வடிகால் இந்த அளவில் வேண்டும் என்று. உயர்த்தச் சொன்ன மட்டத்தையும் சர்வேயர் எடுத்த மட்டத்தையும் ஒப்பிட்டால் வேலை நடந்ததா என்பது உடனே தெரிந்துவிடும்.

உயர்த்தியிருந்தாலும் எதைக் கொட்டி உயர்த்தினார்கள் என்று பாருங்கள். ஜேசிபியில் ஆறடிக் குழி ஒன்று எடுக்கச் சொன்னால் போதும். மேலே ஓரடி கிராவல், அதற்குக் கீழே கட்டட இடிபாடு, பிளாஸ்டிக், அதற்கும் கீழே கறுத்த ஏரிக் களிமண் என்றால், சாதாரண ஐந்தடி அஸ்திவாரம் நிற்பது குப்பையில். மழையில் ஊறி, கோடையில் சுருங்கி, இரண்டு மூன்று வருடத்தில் சுவரில் சாய்வான விரிசல் வரும். மண் பரிசோதனை அறிக்கை மனைப்பிரிவு முழுவதற்கும் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அது மேட்டுப் பக்கம் எடுத்ததாக இருக்கும்.

சம்ப் மிதந்ததற்குக் காரணமும் எளிய கணக்குதான். உள்ளளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், அதாவது 12,000 லிட்டர். சுற்றிலும் மேலும் கீழும் 15 சென்டிமீட்டர் காங்கிரீட். வெளியளவு கிட்டத்தட்ட 17.5 கன மீட்டர். நிலத்தடி நீர் தரைவரை வந்தால் மேலே தூக்கும் விசை 17.5 டன். காங்கிரீட்டின் எடையோ 13.5 டன் சொச்சம். காலியாக இருந்தால் மிதக்கத்தான் செய்யும். அடித்தளத்தைச் சுற்றிலும் நீட்டிப் போட்டு அதன்மேல் மண் ஏற்ற வேண்டும். அல்லது மழைக்காலத்தில் சம்பைக் காலி செய்யவே கூடாது.

கழிவுநீர் விஷயத்தில்தான் "இயற்கையோடு இணைந்த" என்ற சொல்லுக்கு அர்த்தமே போகிறது. நிலத்தடி நீர் தரையிலிருந்து 1.8 மீட்டருக்குள் வரும் இடத்தில் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. உள்வாயில் நவம்பரில் அது கையெட்டும் ஆழத்தில் இருக்கும். அதனால் எஸ்டிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், வேண்டும். 200 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 86,000 லிட்டர். 40,000 லிட்டர் எஸ்டிபி கட்டிவிட்டு, மிச்சத்தை மழைநீர் வடிகாலில் விட்டால் அது நேராக ஏரிக்குத்தான் போகும். அடுத்த வருடம் ஆகாயத்தாமரை, அதற்கடுத்து மீன் செத்து மிதக்கும். குடியேறியவர்கள் இருக்கும் பிரிவு என்றால் இரவு ஒன்பது மணிக்கு எஸ்டிபி பக்கம் போய்ப் பாருங்கள். தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயரின் சத்தம் கேட்க வேண்டும். தொட்டி நீர் காப்பிக்கொட்டை நிறத்தில், மண்வாசனையோடு இருந்தால் உயிரோடு இருக்கிறது. கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஏரியோரம் வாக்கிங் டிராக், படகுத்துறை என்று படம் போட்டிருந்தால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். கரையும் நீர்ப்பரப்பும் அரசுடையது, விற்க அவர்களிடம் இல்லை.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் ப்ரோஷர், வாட்ஸ்அப் செய்தி, விளம்பரப் பதாகை படம் எல்லாவற்றையும் தேதியோடு சேமித்து வையுங்கள். ரெரா சட்டத்தின் 12ஆவது பிரிவு, பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொண்டால் வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரச் சொல்கிறது. உரிமைமூலத்தில் குறை என்றால், அதாவது விற்ற மனையில் வாய்க்கால் புறம்போக்கு கலந்திருந்தால், 18(2) பிரிவின்கீழ் இழப்பீடு கேட்கலாம்; அதற்குக் காலவரம்புத் தடை கிடையாது. எழுதி முடித்த விற்பனை ஒப்பந்தம் பதிவாகாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருந்தால் அது 13ஆவது பிரிவை மீறியது, தனியாகக் குறிப்பிடுங்கள். மழை நாளில் படம் எடுக்கும்போது மனைக்கல் எண்ணும் அளவு நாடாவும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அதே நாளில் கலங்கலில் எவ்வளவு உயரம் வழிகிறது என்பதையும் எடுத்துவையுங்கள். அது இல்லாவிட்டால் "வரலாறு காணாத மழை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.