வேகன் ஆரும் அந்த யப்பான் பொம்பிளையும்

மச்சான் நேற்று கோல் எடுத்து, "யப்பானில இருந்து ஒரு சின்னக் கார் இறக்கட்டோ, உன்ர சுசுக்கி வேகன் ஆர் எப்பிடி?" எண்டு கேட்டவன். 2025 பெப்ரவரியில இலங்கைக்கு வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததில இருந்து எல்லாரும் இதைத்தான் கேக்கினம். ஆனா அவன் கேட்ட நேரம் சரியில்லை, நான் அப்பதான் கார் திருத்திற கராஜில காசைக் குடுத்திட்டு வந்து நிக்கிறன், அதால கொஞ்சம் சூடாத்தான் எழுதுறன், கோவிக்காதேங்கோ.

2018ல என்ர பேரில பாங்கில எல்சி (இறக்குமதிக் காசுக்கு பாங்க் குடுக்கிற உறுதிக் கடிதம்) திறந்து எடுப்பிச்சது, 2017 மொடல், 660 சிசி ஹைபிரிட். ஒக்ஷன் ஷீட் (யப்பான் ஏலத்தில காரின்ர நிலையைச் சொல்லுற தாள்), வரி, அம்பாந்தோட்டையில இறக்கிறது எல்லாம் தெரிஞ்ச கதை, விடுவம். பதிவிலதான் மாட்டுப்பட்டனான். யப்பான்காரன் குடுக்கிற எக்ஸ்போர்ட் கடதாசியில வருசத்தை எங்களைப்போல எழுதமாட்டான், அது அரசர்ட ஆட்சிக்காலக் கணக்கு. ஹெய்செய் 29 எண்டு கிடக்கும், அதோட 1988ஐக் கூட்டினா 2017. மொழிபெயர்த்த ஆள் கூட்டேக்க ஒண்டை விட்டிட்டு 2016 எண்டு அடிச்சுப்போட்டார். அந்த ஒரு இலக்கத்துக்காகக் கொழும்புக்கு ரெண்டுதரம் இரவு பஸ். கவுண்டரில இருந்தவரில பிழையில்லை, ரெண்டு கடதாசி ரெண்டு வருசம் சொன்னா அவர் பாவம் என்ன செய்யிறது.

சரி, நம்பர் பிளேட் வந்திட்டுது, இனி நிம்மதி எண்டு ஸ்டார்ட் பண்ணினா ஒரு பொம்பிளை கதைக்கிறா. "ஈடிசி காதோ கா சோனியூ சரேதே இமாசென்." காட் போடேல்லையாம். ஈடிசி எண்டது யப்பானில ஹைவே கேற்றில நிக்காமலே காசு கழிக்கிற பெட்டி, அவ அதுக்குள்ள பதிஞ்சு வச்ச குரல், முந்தி வச்சிருந்தவன் பூட்டினது. ஏழு வருசமா ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் இதே பாட்டு, செத்தவீட்டால வெளிக்கிடேக்கயும் சொல்லுவா. அம்மா முதல் "என்னவாம்?" எண்டு கேட்டவ, இப்ப "போடுறம் பிள்ளை, போடுறம்" எண்டு மறுமொழி சொல்லுறா. குருநாகலில ஹைவே ஏறி மீரிகமவில இறங்கேக்க மட்டும் அவ கேக்கிறதில ஒரு நியாயம் இருக்கு, அங்கயும் நாங்கள் ரிக்கற்றை நீட்டிக் காசை எண்ணிக் குடுக்கிறம்.

அடுத்தது ரேடியோ. அங்கத்தை எஃப்எம் 76ல தொடங்கி 95ஓட முடிஞ்சிடும், எங்கட ஸ்டேஷன்கள் 108 மட்டும் போகுது. எக்ஸ்பாண்டர் எண்டு ஒரு குட்டிப்பெட்டி பூட்டினா கேக்கும், ஆனா ஸ்கிரீனில காட்டுற நம்பர் வேற. நேற்று எரிஞ்சது அந்தப் பெட்டிதான். கழட்டேக்க கராஜ் பெடியனிட்ட ஈடிசி வயரையும் வெட்டிவிடு தம்பி எண்டன், வெட்டினன் அண்ணை எண்டான். ரேடியோ செத்துப்போச்சு, அவ உயிரோட இருக்கிறா.

பொய் சொல்லக்கூடாது, 2022ல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் கோட்டைக் காட்டினா கிழமைக்கு 20 லீற்றர் எண்டு தந்த நேரம் இந்தக் கார்தான் மானத்தைக் காப்பாத்தினது. பக்கத்து வீட்டு வான் அதே 20 லீற்றரில ரவுணுக்கு நாலுதரம் போய்வந்து படுத்திடும், நான் யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 றோட்டில லீற்றருக்கு 20 கிலோமீற்றர் எடுத்து மட்டுமட்டா கொழும்புக்கே போனனான். இஞ்சினில இண்டைவரைக்கும் ஒயில் மாத்தினதைத் தவிர கை வைக்கேல்லை. விலைக்குக் கேட்டு வந்த ஆக்களை வாசலிலயே அனுப்பிட்டன்.

மச்சான், நீ வாங்காதை. இல்லை வாங்கத்தான் போறன் எண்டா, ஸ்டியரிங்குக்குக் கீழ கறுத்தப் பெட்டி ஒண்டு இருக்கோ எண்டு ஒக்ஷன் படத்தைப் பெரிசாக்கிப் பார்.