பக்கத்தை அடியிலிருந்து படிக்கிறேன்: ஆறு வருட அனுபவம்

அம்மாவுக்குத் தைராய்டு வந்த பிறகுதான் இணையத்தில் மருத்துவம் தேடும் பழக்கம் எனக்கு வந்தது. காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கையோடு ஃபில்டர் காபி, டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கால்சியம் மாத்திரை. அதுதான் அம்மாவின் வழக்கம். ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் ஏறும் ஹார்மோன்) இறங்குவேனா என்றது, டோஸ் மட்டும் ஏறியது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளத்தில் லெவோதைராக்சின், அதாவது அம்மாவின் தைராய்டு மாத்திரை, பற்றிப் படித்தபோதுதான், கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்று தெரிந்தது. டாக்டரிடம் கேட்டோம். ஆமாம் என்றார், யாரும் சொல்லவில்லையா என்றும் கேட்டார்! கால்சியம் இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம்.

அந்தத் தளத்தில் எனக்குப் பிடித்தது, நோய் பற்றிய கட்டுரைகளின் அடிப்பகுதி. சரிபார்த்த டாக்டரின் பெயர், அவர் எந்தத் துறை, எந்தத் தேதியில் பார்த்தார், எல்லாம் இருக்கும். விளம்பரம் கிடையாது. தேதியில் மாதம்தான் முதலில் வரும்; 5/7 என்பதை ஜூலை என்று நானே ஏமாந்து படித்திருக்கிறேன். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் தளம் இன்னும் ஒரு படி மேல். கடைசியாகப் பார்த்த தேதியோடு அடுத்து எப்போது பார்ப்போம் என்பதையும் போடுகிறார்கள், பெரும்பாலும் மூன்று வருட இடைவெளி.

‘மருத்துவரால் சரிபார்க்கப்பட்டது’ என்ற வரியை மட்டும் பார்த்து நம்பிய காலமும் உண்டு. ஒரு தளத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தால் பல் டாக்டர். கட்டுரையோ தைராய்டு பற்றியது. முத்திரைகளும் அப்படித்தான். ஜெனீவாவிலிருந்து ஹெல்த் ஆன் தி நெட் என்ற அமைப்பு நல்ல தளங்களுக்கு முத்திரை கொடுத்துவந்தது. 2022 கடைசியில் அமைப்பையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்தப் படத்தை எடுக்காத தளங்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எல்லாம் ஒழுங்காகச் சரிபார்த்த பக்கமும் நம் வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. அமெரிக்கப் பக்கத்தில் பாராசிட்டமால் என்று தேடினால் அசிட்டமினோஃபென் என்று வந்து நிற்கும்; மருந்து அதேதான், அங்கே பெயர் வேறு. அப்பா ஒருநாள் பிரிட்டிஷ் பக்கத்தில் ரத்தச் சர்க்கரை ‘சாப்பிடும் முன் 4 முதல் 7’ என்று படித்துவிட்டு, கையிலிருந்த குளுக்கோமீட்டரில் 124-ஐப் பார்த்துப் பதறிப்போனார். அங்கே அளவு மில்லிமோல் என்ற அலகில், நமக்கு மில்லிகிராமில். ‘18-ஆல் பெருக்கவும்’ என்று எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன்.