தபாலா, கூரியரா? வன்னியில் வேலை தேடுகிறவர்களுக்கு

ஏ.எல். முடித்துவிட்டு நிற்கிற பெடியள் அடிக்கடி கேட்கிறார்கள், கூரியரில் சேரவா, இல்லை வர்த்தமானி (அரசு வேலை அறிவித்தல்கள் வரும் இதழ்) பார்த்துத் தபால் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கவா என்று. இரண்டிலும் வேலை செய்திருக்கிறேன், இப்போது தபாலில் இருக்கிறேன், என் சாய்வும் தபால் பக்கம்தான்.

கைக்கு வரும் காசை மட்டும் பார்த்தால் கூரியர் மோசமில்லை. பார்சல் கணக்கில் கொமிஷன், பண்டிகைக் காலத்தில் நல்லாக வரும். ஆனால் வவுனியா டவுனுக்குள் ஓடுவது வேறு, ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கம் ஓடுவது வேறு. அங்கே ஒரு பார்சலுக்கும் அடுத்த பார்சலுக்கும் நடுவில் காடும் வயலும்தான். பெற்றோலும் டயரும் உங்கள் செலவு, ஆள் வீட்டில் இல்லையென்றால் அந்த ஓட்டத்துக்குக் காசும் இல்லை.

லீவு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அரச ஊழியருக்கு வருடத்துக்கு 21 நாள் சமயோசித விடுமுறை, 24 நாள் ஓய்வு விடுமுறை. ரயில் வாரண்ட், அக்ரஹார என்கிற மருத்துவக் காப்புறுதி, இடர் கடன் எல்லாம் அதற்கு மேல்.

முடிவெடுக்க வேண்டிய இடம் பென்சன். தனியாரில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) இருக்கிறதே என்பீர்கள். சரி, சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், ஈ.டி.எஃப்.புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி இன்னொரு 3 வீதம். ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50 வயதில் மொத்தமாக எடுக்கலாம். அப்படி வருகிற காசு எங்கள் பக்கத்தில் மகளின் கலியாணத்துக்கும் அரைகுறையாக நிற்கும் வீட்டுக்கும் போய்விடும், 60 வயதுக்குப் பிறகு மருந்துக்கு ஒன்றும் மிஞ்சாது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது சேமிப்பின் பெறுமதி எப்படிக் கரைந்தது என்று எல்லோரும் பார்த்தோம். பென்சனும் அப்போது போதவில்லைதான், ஆனாலும் மாதா மாதம் வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம், நிரந்தர நியமனம் கிடைத்தவுடன் விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் ஒரு தொகை கழிப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சம்பளச் சிட்டையைப் பார்த்து இது எதற்கு என்று முணுமுணுப்பார்கள். நான் கடிதம் கொடுக்கிற பாதையில் ஒரு அம்மா இருக்கிறா, கணவர் தபால்காரராக இருந்து இறந்தவர். அந்தப் பென்சன் வந்ததும் முதலில் கடைக் கொப்பியைத் தீர்ப்பா, பிறகு பேரப்பிள்ளையின் ரியூஷன் காசு, யாரிடமும் கைநீட்டியதில்லை. பெண்களே தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகும் வீடுகள் இவ்வளவு உள்ள முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கத்தில் இதன் அருமை நன்றாகத் தெரியும்.

கூரியரில் நான் இருந்த இடத்தில் ஈ.பி.எஃப். கூடக் கட்டவில்லை. அவர்கள் தந்த ரீசேட்டைப் போட்டுக்கொண்டு, காலையில் அவர்களின் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குவேன். கேட்டால் நீ ஊழியன் இல்லை, ஒப்பந்தக்காரன் என்பார்கள். பெரிய நிறுவனங்கள் ஒழுங்காகக் கட்டுவதாகக் கேள்வி, நான் அங்கே வேலை செய்யாததால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தபாலிலும் குறை இல்லாமல் இல்லை. ஆட்சேர்ப்பு இழுபடும், நிரந்தர நியமனம் இல்லாமல் பதிலாளாகவே வருடக்கணக்கில் நிற்பவர்களுக்கு நான் மேலே சொன்ன பென்சன் இல்லை, இடமாற்றம் வந்தால் குடும்பம் ஒரு பக்கம் நீங்கள் ஒரு பக்கம். ஓ.டி. (மேலதிக நேரக் கொடுப்பனவு) பிரச்சினையும் வரவுக்கான கைரேகைப் பதிவும் 2025 ஓகஸ்ட்டில் நாடு முழுக்க வேலைநிறுத்தம் வரை போனது. நான் விநியோகப் பக்கம்தான். கவுண்டர் வேலையைப் பற்றி அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

இப்போது கூரியரில் இருப்பவர்கள் முதலில் சம்பளச் சிட்டையில் ஈ.பி.எஃப். இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிக ஊழியருக்கும் முதலாளி கட்டத்தான் வேண்டும், கட்டாவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வரும், வயதெல்லை தாண்டுவதற்குள் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.