கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், எலி: மூன்று வயிறு, மூன்று தீனி

செல்லப்பிராணிக் கடைகளில் சூரியகாந்தி விதை, மக்காச்சோளம், வண்ண உருண்டைகள் எல்லாம் கலந்த ஒரு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, கொறிக்கிற எதற்கும் இதைப் போடலாம் என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் சரி என்றுதான் தோன்றும். கினிப்பன்றி, ஹாம்ஸ்டர், வளர்ப்பு எலி மூன்றுக்குமே நீண்ட முன்பல், ஓயாத வாய். ஆனால் மூன்றின் குடலும் மூன்று விதம். எதை வளர்க்கலாம் என்று யோசிப்பவர்கள் நிறத்தையும் அளவையும் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

தவறான தீனியால் அதிகம் அவதிப்படுவது கினிப்பன்றி. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் பகுதியிலிருந்து வந்த இது முழுச் சைவம். இரைப்பையில் விசேஷம் ஒன்றும் இல்லை. முக்கியமான வேலை பின்னால், சீக்கத்தில் நடக்கிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில், ஒரு முனை மூடியிருக்கும் பைதான் சீக்கம். கினிப்பன்றிக்கு இது 15 முதல் 20 செ.மீ. நீளம். செரிமானப் பாதையில் இருக்கும் மொத்தப் பொருளில் 65 சதவீதம் வரை இந்த ஒரு பையில் தங்கும். அங்கே வாழும் நுண்ணுயிரிகள் புல்லின் செல்லுலோஸை நொதிக்கவைத்து, உடலுக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. கூடவே உருவாகும் பி வைட்டமின்களும் புரதமும் வீணாகாமல் இருக்க, மென்மையான ஒரு வகைப் புழுக்கையை அது மலவாயிலிருந்தே நேராக எடுத்து மறுபடி விழுங்கும். பார்க்கச் சங்கடமாக இருக்கலாம், ஆனால் தடுக்கக் கூடாது.

பற்களும் இதே கதையைச் சொல்கின்றன. கினிப்பன்றியின் 20 பற்களும், கடைவாய்ப்பல் உட்பட, ஆயுள் முழுக்க வளரும். நாளெல்லாம் புல் மென்றால்தான் தேயும். தானியத்திலேயே வளர்த்தால் கீழ்க் கடைவாய்ப்பற்கள் உள்பக்கமாகச் சாய்ந்து வளர்ந்து நாக்கை அமுக்கிவிடும். பிறகு பசித்தாலும் அதனால் சாப்பிட முடியாது.

வைட்டமின் சி விஷயத்திலும் நம்மைப் போலவே அதன் உடலால் அதைத் தயாரிக்க முடியாது. 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் இருவரும் வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காகக் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டும் கொடுத்தார்கள். வந்ததோ ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய். அவர்கள் எலியைத் தேர்ந்தெடுத்திருந்தால் இதைப் பார்த்திருக்கவே முடியாது, ஏனென்றால் எலி தன் கல்லீரலிலேயே வைட்டமின் சியைத் தயாரித்துக்கொள்ளும். அதனால் கினிப்பன்றிக்கு எந்நேரமும் உலர்புல்லோ அருகம்புல்லோ முன்னால் இருக்க வேண்டும். தினமும் குடைமிளகாய், கொத்தமல்லித் தழை போன்ற ஏதாவது ஒன்று வேண்டும். வைக்கோல் உலர்புல்லுக்கு ஈடாகாது. சத்து மிகக் குறைவு.

எலிக்கு வருவோம். இது எதையும் தின்னும், அதன் உடலும் அதற்கு ஏற்றது. 16 பற்களில் முன்பல் நான்கு மட்டுமே தொடர்ந்து வளரும். இரைப்பை இரண்டு பகுதி: முன்பகுதியில் சுரப்பிகள் இல்லை, தடித்த தோல் போன்ற உட்சுவர், பின்பகுதியில்தான் அமிலமும் நொதிகளும் சுரக்கும். சீக்கம் உண்டு, ஆனால் கினிப்பன்றியோடு ஒப்பிட்டால் சிறியது. தானியம், பருப்பு, காய்கறி, கொஞ்சம் முட்டை என்று நம் சமையலறையை ஒட்டியே இதை வளர்க்கலாம். ஆபத்து பற்றாக்குறையில் இல்லை, கொழுத்துப் போவதில்தான். எலிக்குப் பித்தப்பை கிடையாது என்பதை வைத்துப் பெரிய முடிவுக்கு வர வேண்டாம். ஏறக்குறைய அதே உணவைத் தின்னும் சுண்டெலிக்குப் பித்தப்பை இருக்கிறது. எல்லா உறுப்பும் உணவைப் பற்றிப் பேசுவதில்லை.

ஹாம்ஸ்டர்தான் ஆளை ஏமாற்றும். விதை பொறுக்கும் பிராணி என்பதற்கு அதன் கன்னப்பைகளே சாட்சி. அவை தோள்வரை நீளும். ஆனால் இரைப்பை நடுவில் இறுகி, தெளிவாக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முன்னறையில் நுண்ணுயிரிகள் உணவை நொதிக்கவைக்கும் விதம் மாட்டின் முதல் வயிற்றை நினைவூட்டும். அதனால் விதையோடு கொஞ்சம் கீரையும் நார்ச்சத்தும் கொடுத்தால் சமாளித்துக்கொள்ளும். புழு, பூச்சியும் அதன் இயல்பான உணவில் சேர்த்திதான். இனிப்புப் பழங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறிப்பாகக் கேம்பெல் குள்ள ஹாம்ஸ்டருக்குச் சர்க்கரை நோய் எளிதில் வரும்.

நேரமும் பசும்புல்லும் கிடைக்கிற வீட்டுக்குக் கினிப்பன்றி. இரண்டும் கிடைக்காது என்றால் எலிதான் என் முதல் சிபாரிசு. பலர் அதன் பெயருக்கே முகம் சுளிப்பது எனக்கு வருத்தம். இந்த மூன்றில் வீட்டு உணவோடு மிக எளிதாக ஒத்துப்போகும் வயிறு அதற்குத்தான்.

எலியாலும் கினிப்பன்றியாலும் வாந்தி எடுக்க முடியாது. எலி புது உணவைச் சிறிது மட்டும் கடித்துவிட்டுக் காத்திருப்பது இதனால்தான் இத்தனை பயன்படுகிறது. நாள் கழித்து வேலை செய்யும் வார்ஃபரின் போன்ற எலிமருந்துகள் அந்த எச்சரிக்கையைத்தான் தாண்டிவிடுகின்றன. வளர்ப்பவர்களுக்கு இதன் பொருள், கெட்ட உணவு ஒருமுறை உள்ளே போனால் வெளியே வர வழியில்லை என்பதே.

மருந்திலும் கவனம் வேண்டும். பென்சிலின், அமாக்ஸிசிலின் போன்றவை கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகளை அழித்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற நச்சு சுரக்கும் பாக்டீரியா பெருக வழிவிடும்; சில நாளில் உயிரே போகலாம். எலி இதே மருந்துகளைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைக் கரைத்துக் கொடுக்காமல், இந்தப் பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.