தென்னையில் வெள்ளை ஈ: மருந்தா, மைதா கஞ்சியா?

கார் கண்ணாடி பிசுபிசுத்தபோதுதான் அண்ணாந்து பார்த்தேன். கோவையில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு குட்டைத் தென்னைகள். கீழ்மட்டைகள் கரி பூசியதுபோல் கறுத்துக் கிடந்தன. ஓலையைத் திருப்பினால், கோலமாவைச் சுழித்துச் சுழித்து இழுத்ததுபோல் முட்டைகள். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டிய சுருள் வெள்ளை ஈதான். கறுப்பு தனி நோய் இல்லை. ஈ கழிக்கும் இனிப்பு நீரில் படரும் பூசணம். அதற்கென்று பூஞ்சாண மருந்து வாங்குவது தண்டச் செலவு.

முதலில் ஆள் வைத்துப் பூச்சிமருந்து அடித்தேன். செலவு, நாற்றம், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணி, இதெல்லாம் தெரிந்ததே. ஒரு வாரம் மரம் பளிச்சென்று இருந்தது. இரண்டாம் மாதம் ஈ முன்னைவிட அதிகம்.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. என்கார்சியா என்று ஒரு குளவி, கடுகில் பாதிகூட இருக்காது. வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைத் தின்றே வளர்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அப்படிப்பட்ட குஞ்சுகள் கறுத்திருக்கும்; குளவி வெளியேறிய இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. மருந்து இந்தக் குளவியையும் சேர்த்துக் கொல்கிறது. அப்புறம் ஈயைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? திரும்பத் திரும்ப நாம்தான் அடிக்க வேண்டும். மருந்தை நான் விட்டது இதனால்தான். கறுத்த குஞ்சுகள் உள்ள மட்டையை வெட்டி எரித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது நம் ஆள். ஓலைத் துண்டை அடுத்த மரத்தில் கட்டிவிடலாம்.

இப்போது செய்வது இவ்வளவுதான். ஓலையின் அடியில் படும்படி ஹோஸில் வேகமாகத் தண்ணீர். லிட்டருக்கு 25 கிராம் மைதா, கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, கறுத்த ஓலைமேல் தெளிப்பு. வெயிலில் காய்ந்ததும் அப்பளப் பொருக்குபோல் உரிந்து கரியையும் கூட்டிக்கொண்டு விழுகிறது. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஷீட் ஒன்று தண்டில். ஈ ரொம்ப அதிகமானால் மட்டும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசலோடு.

சரி, ஐம்பது அடி நெட்டை மரத்துக்கு இது ஒத்துவருமா? ஹோஸ் எட்டாது, நான் முயன்றதில்லை. என் இரண்டு மரங்களிலும் நடுவில் நல்ல மழை பெய்தது, புகழில் பாதி அதற்கும் போகலாம். ஈ அடியோடு போய்விடவும் இல்லை. புதுக் குருத்து பச்சையாக வருகிறது, காய் பிடிக்கிறது. காரை மட்டும் தெருவுக்கு மாற்றிவிட்டேன்.